இணைப்பு: காட்டுப்பன்றி ஒன்று, பெருச்சாளி ஒன்று

கீரப்பாளையத்தில் இறங்கி நடனசபாபதியின் வீடு எது என்று கேட்டால், கேட்டவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தாள் வூடா?" என்பார்கள். எட்டுத் தலைமுறையாக அப்படித்தான். அந்தக் குடும்பத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர் உண்டு, கோயில் தர்மகர்த்தாவாக இருந்தவர் உண்டு. நடனசபாபதியே முப்பத்தெட்டு வருஷம் ரயில்வேயில் கார்டாக இருந்து, வளையாத முதுகோடு வேலைக்குப் போய் அதே முதுகோடு திரும்பி வந்தவர். ஆனாலும் தாள் வீடு தாள் வீடுதான்.

காரணம், மூத்த சபாபதி என்று குடும்பத்தில் சொல்லப்படும் ஒருவர். பரங்கிப்பேட்டைக்கு அப்பால் கடலில் நங்கூரமிட்டு நின்ற ஓர் அமெரிக்கக் கப்பலுக்கு அறுபது மூட்டை அரிசி கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக மூன்று காகிதத் துண்டுகளை வாங்கி வந்தார். தன் நாடு இப்போதுதான் பிறந்திருக்கிறது என்றும், இதுதான் அந்த நாட்டின் பணம் என்றும் கப்பல்காரன் சொன்னானாம். கடலூரிலும் புதுச்சேரியிலும் ஒரு நாணய வியாபாரிகூட அவற்றுக்கு ஒரு வெற்றிலை தரவில்லை. கப்பல் போய்விட்டது. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

நடனசபாபதிக்குப் பெண் பார்க்க மங்கலம்பேட்டைக்குப் போனபோது, பெண்ணின் மாமன் சபையில் வைத்தே கேட்டார்: "தாள் வூட்டுக்காரவுங்களா? தாலியாச்சும் தங்கத்துல போடுவிங்களா, அதுவும் தாளுதானா?" எல்லோரும் சிரித்தார்கள். பெண்ணும் சிரித்தாள். அவள்தான் பூவம்மாள். முப்பத்தாறு வருஷம் ஆகியும் அந்தச் சிரிப்பை நடனசபாபதி மன்னிக்கவில்லை.

ஓய்வு பெற்ற மறுவாரம், இரும்புப் பெட்டியிலிருந்து அந்த மூன்று துண்டுகளையும் வெளியே எடுத்தார். இரண்டு வருஷம் சிதம்பரத்து நூலகங்களில் உட்கார்ந்தார். பிலடெல்பியாவில் உள்ள ஓர் அருங்காட்சியகத்துக்குப் படம் அனுப்பி எழுதினார். பதில் வந்தது. உண்மையான தாள்கள். ஆயிரத்து எழுநூற்று எழுபத்தாறில் அச்சடித்தவை. காகிதத்தில் மைக்கா என்கிற அப்ரகத் துகள் கலந்திருக்கும், வெயிலில் பிடித்துப் பாருங்கள் என்று எழுதியிருந்தார்கள். கொல்லையில் போய் நின்று பிடித்துப் பார்த்தார். மின்னியது. எட்டுத் தலைமுறையில் யாரும் அதை வெயிலில் பிடித்துப் பார்க்கவில்லை.

அன்றைக்கு முடிவு செய்தார். மூத்த சபாபதி ஏமாளி அல்லர், ஒரு நாட்டையே முளைக்கவைத்த தாளை நம்பி வாங்கியவர் என்பதை ஊரார் முன்னால், உறவுக்காரர்கள் முன்னால், மைக் வைத்து ஒரே ஒரு தரம் சொல்லிவிட வேண்டும். நாற்பது நிமிஷப் பேச்சு தயாரானது. விடியற்காலையில் சமையலறை வாசலில் நின்று அதை ஒப்பித்தார்.

"என்னாங்க, பால் பொங்குது. அமெரிக்காவ செத்த நேரம் நிறுத்துங்க" என்பாள் பூவம்மாள்.

இந்த மாதிரிக் காரியங்களுக்கென்றே கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில் 'மாவட்ட மரபு மற்றும் மக்கள் விழிப்புணர்வுப் பேரவை' இயங்கி வந்தது. வரலாற்றை மக்களிடம் கொண்டுசேர்ப்பது அதன் நோக்கம் என்று வாசலில் எழுதியிருந்தது. மக்கள் மாலை மூன்றிலிருந்து மூன்றரை வரை பார்க்கலாம் என்றும் எழுதியிருந்தது.

மனுவை மூன்று படிகளாகக் கொடுத்தார். ஒரு மாதம் கழித்து, அசலைச் சரிபார்க்க வேண்டும், நேரில் கொண்டுவரவும் என்று கடிதம் வந்தது. மூன்று தாள்களையும் பட்டுத்துணியில் சுற்றி, துணியைப் பித்தளை டப்பாவில் வைத்து, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். செம்மங்குப்பத்து ரசாயன ஆலைகளின் நாற்றம் வந்ததும் எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். அவர் டப்பாவைப் பொத்திக்கொண்டார்.

தபால் பிரிவில் கண்ணாயிரம் உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு வருஷ அனுபவம். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்தபடியே கைகள் தாமாக வேலை செய்யும்.

"இன்னா ஐயா இது?"

"அமெரிக்கா சுதந்திரம் அறிவிச்ச வருஷத்துல அடிச்ச நோட்டு. அசலு. பாத்து எடுங்க, ஓரமெல்லாம்..."

டம்.

நான்கு டாலர் தாளில் ஒரு காட்டுப்பன்றி ஈட்டியை நோக்கிப் பாய்ந்துகொண்டிருக்கும். அதன் முதுகின் மேல் ஊதா மசியில் 'பெறப்பட்டது' என்று பதிந்தது. கீழே தேதி. நடனசபாபதிக்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. சத்தம் வருவதற்குள் மற்ற இரண்டுக்கும் முத்திரை விழுந்து, மூன்றும் ஒன்றாகத் துளைக்கருவிக்குள் போய், துளை விழுந்து, பச்சை நாடாவில் கோர்க்கப்பட்டு, அவருடைய மனுவுக்கு அடியில் சேர்ந்துவிட்டன.

"யோவ்! என்னாய்யா பண்ற நீ? இருநூத்தம்பது வருஷத்துத் தாளுய்யா!"

"பதறாதிங்க. ஓரமாத்தான் ஓட்டை போட்டேன். பின்னால எலை மாரி ஒண்ணு இருந்துது, அதுல படாமப் போட்டேன்." கண்ணாயிரத்தின் குரலில் நிஜமான அக்கறை இருந்தது. "சீல் போடலன்னு வைங்க, நாளைக்கு இந்தத் தாளு வரவே இல்லம்பாங்க. கோக்கலன்னு வைங்க, காத்துல பறந்துடும். என் சர்வீஸுல ஒரு தாளு பறந்ததில்ல."

"குடு. நான் எடுத்துக்கிட்டுப் போறேன்."

"எப்பிடிங்க? இனிமே அது தாளு இல்ல. இணைப்பு. இணைப்பக் கழட்டணும்னா, கழட்டச் சொல்லி ஒரு மனு குடுங்க. அந்த மனுவையும் இதே கோப்புலதான் கோக்கணும், மேல வரும். மேல இருக்கறத முடிச்சாத்தான் கீழ இருக்கறதத் தொட முடியும்."

வாழ்க்கையில் யாரையும் 'யோவ்' என்று கூப்பிட்டிராத நடனசபாபதி, கூப்பிட்டதற்காக மன்னிப்புக் கேட்டார். கண்ணாயிரம் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார்.

கோப்போடு உள்ளே அனுப்பினார்கள். உறுப்பினர் செயலர் செம்பியன் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் பழக்கம் உள்ளவர். கோப்பைத் திறந்தார்.

"இதுல என்னா போட்டிருக்கு? ஆறுல ஒரு பங்கு டாலரா? பாக்கி அஞ்சு பங்கு எங்க?"

"அதோட மதிப்பே அவ்வளவுதான் சார். அப்ப அங்க சில்லறைக் காசு கிடைக்கல. அதனால சில்லறைக்கும் தாளு அடிச்சாங்க."

"அப்ப பாக்கிய ஒப்படைக்கல." குறித்துக்கொண்டார். "ஒப்படைக்காததுக்கு விளக்கம் ஒண்ணு எழுதிக் குடுத்துருங்க." அடுத்த தாளைப் புரட்டினார். "இது இன்னா, பெருச்சாளி?"

"பீவர்னு ஒரு பிராணி சார். எவ்வளவு பெரிய மரமா இருந்தாலும் கடிச்சுக் கடிச்சே சாய்ச்சிடும். விடாமுயற்சின்னு அர்த்தம்."

செம்பியன் மணியடித்துக் கண்ணாயிரத்தைக் கூப்பிட்டார். "பெருச்சாளின்னே எழுதிக்கப்பா. பீவர் நம்ம மாவட்டப் பட்டியல்ல இல்ல."

காட்டுப்பன்றி வந்தது. நடனசபாபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த இடத்துக்காகத்தான் அவர் வந்திருந்தார். "அதுல இலத்தீன்ல எழுதியிருக்கு சார். ஒண்ணு மரணம், இல்லாட்டி மானமுள்ள வாழ்வு."

"மேடையில அதச் சொல்லாதிங்க. தற்கொலையத் தூண்டற மாரி ஆயிடும்." மறுபடியும் முதல் தாளுக்குப் போனார். அதில் ஒரு சூரியக் கடிகாரமும் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரியும் இருந்தன. செம்பியன் அதை இரண்டு தரம் வாசித்தார். முகம் மாறியது. "'உன் வேலையைப் பார்'னு போட்டிருக்கு. யாரைச் சொல்றாங்க?"

"எல்லாரையும்தான் சார்."

"அரசு அலுவலருங்களையுமா?"

நடனசபாபதி கோப்பிலிருந்த தாளின் ஓரத்தை விரலால் நீவிவிட்டார்.

"இந்தத் தாள மட்டும் குப்புறப் போட்டுக் காட்டலாம்" என்று செம்பியன் தீர்ப்புச் சொன்னார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, குரலை இறக்கி, மனம்விட்டுப் பேசினார். "ஐயா, ஒளிக்காம சொல்லிடறேன். வரலாறுன்ற தலைப்புல இந்த வருஷத்து நிதி தீந்துபோச்சு. வரலாற்றுக்கு நிதி ஏன் அவசியம்னு ஒரு கருத்தரங்கு நடத்துனோம், அதுலயே போயிடுச்சு. ஆனா மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள செலவு பண்ணியே ஆவவேண்டிய தலைப்பு வேற ஒண்ணு கிடக்கு. அதுல உங்களச் சேத்துடறேன். உங்களுக்கு இன்னா வேணும், மேடையும் மைக்கும். எனக்கு இன்னா வேணும், செலவும் போட்டோவும். ஜாஸ்தி யோசிக்காதிங்க."

நடனசபாபதி ஜாஸ்தி யோசிக்கவில்லை. ரயில்வேயில் முப்பத்தெட்டு வருஷம், எந்தத் தடம் என்று தெரியாமல் ஒரு வண்டிக்கும் கொடி காட்டியிராத மனிதர், அது என்ன தலைப்பு என்று கேட்காமல் கும்பிட்டுவிட்டு வந்தார்.

சொந்தச் செலவில் அழைப்பிதழ் அடித்தார். உறவில் ஒருவரையும் விடவில்லை. மங்கலம்பேட்டைக்கு நேரில் போய்ப் பூவம்மாளின் தம்பி தங்கராசுவிடம் வெற்றிலை பாக்கோடு கொடுத்தார். "மச்சான், நீ கட்டாயம் வரணும். உங்க ஜனத்தையும் அழைச்சிக்கிட்டு வரணும். முன்வரிசையில குந்தணும்."

"வராம இருப்பனா மாமா? வேன் வச்சிக்கிட்டு வரேன்" என்றான் தங்கராசு.

மார்ச் முப்பதாம் தேதி, சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு கல்யாண மண்டபம். நடனசபாபதி வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் ஒன்பது மணிக்கே போய் இறங்கினார். வாசலில் இருபதடி நீளத்துக்குத் தட்டி கட்டியிருந்தார்கள்.

'நிதி மோசடி மற்றும் போலிப் பணம் ஒழிப்பு விழிப்புணர்வு முகாம்.' நடுவில் அவர் வீட்டுக் காட்டுப்பன்றி, ஆள் உயரத்துக்கு. அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சிவப்புக் கோடு. 'ஏமாறாதீர்! ஏமாறியவரின் வாரிசு நேரில் தோன்றுகிறார்.' அடியில் பொடி எழுத்தில், 'அமெரிக்க வரலாறும் உண்டு.'

வேனிலிருந்து தங்கராசு இறங்கினான். தட்டியை நிதானமாக, ஓர் எழுத்து விடாமல் வாசித்தான். "மாமா, பன்னி நம்ம வூட்டுதுதான?" என்று கேட்டான்.

நடனசபாபதி செம்பியனைத் தேடி ஓடினார். அறுபத்துமூன்று வயதில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

"சார், இன்னா சார் இது? எங்க பாட்டனை ஏமாறியவர்னு போட்டிருக்கிங்க!"

"தட்டியில போட்டது தலைப்பு ஐயா. நீங்க பேசப்போறது பொருள். ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னு விதி எதுவும் கிடையாது" என்றார் செம்பியன். "இந்தத் தலைப்புல செலவு எழுதணும்னா பாதிக்கப்பட்டவரு ஒருத்தரு வேணும். இப்ப பாதிக்கப்பட்டவுங்க யாரும் மேடைக்கு வர மாட்டேங்கறாங்க, கூச்சப்படறாங்க. உங்க பாட்டனாருக்கு அந்தப் பிரச்சினை இல்ல பாருங்க."

திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் முன்வரிசை நிறைந்திருந்தது. கீரப்பாளையம், மங்கலம்பேட்டை, சம்பந்தி வீடு, எல்லோரும் அவர் வைத்த வெற்றிலைக்கு வந்தவர்கள். அழைத்துவிட்டு ஓடிப்போகும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. மேடை ஏறினார்.

சிறப்பு விருந்தினர் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார். பத்தொன்பது பேருக்குச் சால்வை போர்த்தினார்கள். சால்வை போர்த்தியவருக்குப் போர்த்தப்பட்டவர் திரும்பப் போர்த்தினார். பிறகு கண்காட்சி திறக்கப்பட்டது. நீலத்துணி விரித்த மேசையில் கோப்பு வைக்கப்பட்டிருந்தது, மூடியபடி. கோப்பின் உள்ளடக்கம் இன்னும் பரிசீலனையில் இருப்பதால், விதிப்படி பொதுமக்கள் அட்டையை மட்டும் பார்வையிடலாம் என்று கண்ணாயிரம் பக்கத்தில் நின்று விளக்கினார். அட்டையில் 'இணைப்பு: காட்டுப்பன்றி 1, பெருச்சாளி 1, கடிகாரம் 1, பாக்கி நிலுவையில்' என்று எழுதியிருந்தது. மகளிர் குழுக்களும் கல்லூரிப் பிள்ளைகளும் வரிசையில் வந்து அட்டையைப் பார்த்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, டிபன் எந்தப் பக்கம் என்று கேட்டுப் போனார்கள்.

செம்பியன் மைக்கைப் பிடித்தார். "இன்னைக்குத்தான் மோசடி வந்துது, போன் வந்த பிறகுதான் வந்துதுன்னு நெறைய பேரு நெனைக்கறாங்க. இல்ல! நம்ம மாவட்டம் இதுலயும் முன்னோடி. இருநூறு வருஷத்துக்கு முன்னாலயே ஏமாந்திருக்கோம். அதுவும் வெளிநாட்டுக்காரன்கிட்ட!" கைதட்டல். "இந்தப் பெருமைய இவ்வளவு நாளா இந்தக் குடும்பம் வெளிய சொல்லாம அடக்கமா வச்சிருந்தாங்க. பேரவைதான் தேடிக் கண்டுபிடிச்சுது."

பிறகு நடனசபாபதிக்கு இரண்டு நிமிஷம் கொடுத்தார்கள். நாற்பது நிமிஷத்தில் எதை விடுவது என்று தெரியாமல், நடுவிலிருந்து ஆரம்பித்தார்.

"அந்த நாட்டுல அப்ப பொன்னும் இல்ல, வெள்ளியும் இல்ல. பெரிய ராஜாவ எதுத்து நின்னாங்க. சண்டைக்குப் போறவனுக்கும், அவனுக்குச் சோறு போடற குடியானவனுக்கும் குடுக்கறதுக்கு இந்தத் தாளு மட்டுந்தான் இருந்துது. அளவில்லாம அச்சடிச்சதால மதிப்பு போச்சு. அது நெசம். ஆனா வாங்கிக்கிட்டவன் முட்டாள் இல்லிங்க. அவன் நம்பி வாங்குனதாலதான் ஒரு நாடு நின்னுது. அந்த நம்பிக்கையில எங்க பாட்டனுக்கும் அறுபது மூட்டை..."

மணி அடித்தது. செம்பியன் மைக்கை வாங்கிக்கொண்டார். "ஐயா அழகாச் சொன்னாரு. நம்பறதாலதான் ஏமாறறோம். ஆகவே ஓடிபி எண்ணை யாருக்கும் சொல்லாதிங்க."

மேடையிலிருந்து இறங்கும்போது, கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஒரு பெண் அவரை நிறுத்தினாள். கடலோரத்து மீன்காரப் பெண். "ஐயா, அட்டையில எலைன்னு போடலியே, ஆனா அந்தக் குமாஸ்தா எலை இருக்குன்றாரு. பணத்துல எதுக்கு எலை?"

அன்றைக்கு அவரிடம் ஒருவர் கேட்ட ஒரே கேள்வி அது. "நெச எலைய வச்சு அச்செடுத்தாங்கம்மா. ஒரு எலையோட நரம்பு மாரி இன்னொண்ணு இருக்காது. கையால யாராலயும் வரைய முடியாது. கள்ள நோட்டு அடிக்க முடியாதுன்னு."

"அட! காட்டுங்க, பாக்கறேன்."

மேசையைத் திரும்பிப் பார்த்தார். மேசை காலி; வாசலில் கண்ணாயிரம் கோப்பை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார்.

வெளியே வருமுன், அவருக்குப் போர்த்திய சால்வைக்கு ரசீது நீட்டினார்கள். கையெழுத்துப் போடும் இடத்துக்குக் கீழே 'பாதிக்கப்பட்டவரின் வாரிசு' என்று அச்சாகியிருந்தது. போடமாட்டேன் என்றார். போடாவிட்டால் தணிக்கையில் பிடிப்பார்கள், சால்வையை வாங்கி ஏமாற்றிவிட்டதாக வழக்காகும், மோசடி விழிப்புணர்வு முகாமில் மோசடி என்று பேப்பரில் வரும் என்றார்கள். போட்டார்.

தங்கராசுவின் வேனிலேயே வீடு திரும்பினார்கள். கீரப்பாளையம் நெருங்கும்போது தங்கராசுதான் மெல்லச் சொன்னான். "நீ பேசுனது நல்லாதான் இருந்துது மாமா. அந்த ரெண்டு நிமிஷம்." கேலி செய்யாத தங்கராசுவைத் தாங்குவது நடனசபாபதிக்கு அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

பத்து நாள் கழித்து, அவர் சிதம்பரத்தில் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரத்தில், வீட்டு வாசலில் இரண்டு இரும்புக் கால் நட்டு, சிமெண்டு போட்டு, பலகை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். 'மாவட்டத்தின் முதல் நிதி மோசடிப் பாரம்பரிய இல்லம். பேரவையால் பாதுகாக்கப்பட்டது. சேதப்படுத்துவோர் தண்டிக்கப்படுவர்.'

"ஆளு வந்து கடப்பாரை கேட்டாங்க. நம்ம வூட்டுக் கடப்பாரைதான் குடுத்தேன். எனக்கு இன்னா தெரியும்?" என்று பூவம்மாள் அழுதாள்.

பலகையை எடுக்கக் கோரி மனுப் போட்டார். மூத்த சபாபதி ஏமாறவில்லை என்பதற்கான அசல் ஆவணத்தை இணைத்தால் பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. அசல் தங்கள் கோப்பிலேயே இருக்கிறது என்று எழுதினார். அப்படியானால் மனுதாரர் வசம் ஆவணம் ஏதும் இல்லை என்பது உறுதியாகிறது, மனு முடித்துவைக்கப்படுகிறது என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தின் மொழி அவ்வளவு சுத்தமாக இருந்தது. ஒரு பிழைகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஏப்ரல் கடைசியில், பேரவையின் விழிப்புணர்வுச் சுற்றுலாவின் முதல் பஸ் வந்து நின்றது. நாற்பது பெண்கள். பொறுப்பு அலுவலர் இறங்கவில்லை. உள்ளே உட்கார்ந்து வருகைப் பதிவேட்டை நிரப்பிக்கொண்டிருந்தார். நடனசபாபதி பஸ் சத்தம் கேட்டதுமே கதவைத் தாழ்போட்டுவிட்டார். ஜன்னல்களையும் சாத்தினார்.

"வூட்டுல ஆள் இல்லன்னு போயிடுவாங்க" என்றார்.

அவர்கள் போகவில்லை. உச்சி வெயில். வாசலில் நிழல் என்று இருந்தது அந்தப் பலகையின் நிழல் மட்டும்தான். அதில் இரண்டு பேர் ஒண்டியிருந்தார்கள். மற்றவர்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். ஒரு கிழவி தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ தண்ணீர் கேட்டார்கள். யாரிடமும் இல்லை.

கால்மணி நேரம் ஜன்னல் இடுக்கு வழியாக அவர் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர்களை வாசலில் நிறுத்திய வீடு என்று ஒரு பேச்சு இதுவரை யாரும் பேசியதில்லை. பூவம்மாள் செம்பில் தண்ணீரோடு அவருக்குப் பின்னால் வந்து நின்றாள்.

தாழை எடுத்தார். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டார். கதவைத் திறந்தார்.

முன்னால் நின்ற பெண் சந்தேகமாகப் பலகையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஐயா, ஏமாந்த வூடு இதானுங்களா?"

"ஆமாம்மா, இந்த வூடுதான்" என்றார் நடனசபாபதி. "செருப்ப ஓரமா வுட்டுட்டு உள்ள வாங்க."